வாசலிலேயே தொடங்கும் சோதனை

2013 ஜனவரி இறுதியில் அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகம் கோர்செரா தளத்தில் ஓர் இலவசப் படிப்பைத் திறந்தது. ஆன்லைனில் ஒரு படிப்பைத் திட்டமிட்டு நடத்துவது எப்படி என்று ஆசிரியர்களுக்குக் கற்றுத்தரும் படிப்பு அது. ஏறத்தாழ 41,000 பேர் பதிவு செய்திருந்தார்கள். இவ்வளவு பேரும் ஒரே கூட்டமாக உட்கார்ந்தால் உரையாடல் நடக்காது என்பதால், சிறு குழுக்களாகப் பிரிந்துகொள்ளச் சொன்னார்கள். அதற்கு ஒரு கூகுள் விரிதாள் தரப்பட்டது. ஆளாளுக்கு அதைத் திறந்து, இடமிருக்கும் குழுவில் தம் பெயரைத் தாமே எழுதிக்கொள்ள வேண்டும்.

அந்த விரிதாளில் அப்போது ஒரே நேரத்தில் 50 பேருக்கு மேல் எழுத முடியாது. ஆயிரக்கணக்கானோர் ஒரே நாளில் முட்டிமோதியதில் கோப்பு திணறியது, குழுக்கள் குழம்பின, ஒரு வாரத்துக்குள் படிப்பே நிறுத்தப்பட்டது. ஆன்லைன் படிப்பைத் திட்டமிடச் சொல்லித்தர வந்த படிப்பு, திட்டமிடலில் விழுந்தது என்று உலகம் சிரித்தது. சிரித்து முடித்தபின் கவனிக்க ஒன்று மிஞ்சியது. படிப்பு நின்றதற்கு முதல் காரணம் பாடத்தின் தரம் அல்ல. பாடம் சரியாகத் தொடங்கவே இல்லை. விழுந்தது சேர்க்கை.

புதிய படிப்பு ஒன்றைச் சோதனை முறையில் ஆரம்பிக்கும்போது பாடத்திட்டம், காணொளி, தேர்வு ஆகியவற்றைப் பற்றி மாதக்கணக்கில் யோசிப்பார்கள். சேர்க்கை என்பது அலுவலக வேலை, படிவமும் பட்டியலும் என்று ஒதுக்கிவிடுவார்கள். ஆனால் கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் குவிந்த தரவுகள் வேறொன்றைச் சொல்கின்றன. யாரை, எப்படி, எத்தனை பேரை உள்ளே விடுகிறோம் என்பதுதான் அந்தச் சோதனையின் முதல் படி. அது பிசகினால், பிறகு வரும் தேர்ச்சிக் கணக்கு எதையும் நம்ப முடியாது.

எண்கள் உதிரும் விதம்

2011 இலையுதிர் காலத்தில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் செபாஸ்டியன் திரனும் பீட்டர் நார்விக்கும் தங்கள் செயற்கை நுண்ணறிவு வகுப்பை இணையத்தில் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். சுமார் 1,60,000 பேர் பெயர் கொடுத்தார்கள். கடைசிவரை நின்றவர்கள் ஏறத்தாழ 23,000 பேர். அடுத்த ஆண்டு மார்ச்சில் எம்.ஐ.டி. தன் முதல் சோதனைப் படிப்பான மின்சுற்றுகளும் மின்னணுவியலும் என்பதைத் தொடங்கியது. அது ஒவ்வொரு படியிலும் எத்தனை பேர் எஞ்சினார்கள் என்பதைத் துல்லியமாக வெளியிட்டது.

பதிவு செய்தவர்கள் 1,54,763. முதல் வீட்டுப்பாடத்தைத் திறந்து பார்த்தவர்கள் 69,221. அதில் ஒரு மதிப்பெண்ணாவது எடுத்தவர்கள் 26,349. இடைத்தேர்வில் ஒரு மதிப்பெண்ணாவது எடுத்தவர்கள் 10,547. பதினான்கு வாரம் கழித்துச் சான்றிதழ் வாங்கியவர்கள் 7,157.

இந்த வரிசையை மேலிருந்து கீழாகப் படித்தால் தோல்விக் கதை: நூறில் ஐந்து பேர்கூடத் தேறவில்லை. கீழிருந்து மேலாகப் படித்தால் வேறு கதை: ஆண்டுக்கு 200 மாணவர் அமரும் வகுப்பறையில் ஒரு பேராசிரியர் 7,157 பேரைத் தேற்றிவிட ஏறத்தாழ 36 ஆண்டுகள் ஆகும். இரண்டு வாசிப்பும் ஒரே தரவிலிருந்துதான் வருகின்றன. எது சரி என்பது வகுத்தலில் கீழே எந்த எண்ணைப் போடுகிறோம் என்பதைப் பொறுத்தது. பதிவு செய்தவர்களால் வகுத்தால் தேர்ச்சி 4.6 சதவீதம். முதல் வீட்டுப்பாடத்தில் கைவைத்து மதிப்பெண் எடுத்தவர்களால் வகுத்தால் 27 சதவீதம். இடைத்தேர்வு எழுதி மதிப்பெண் பெற்றவர்களால் வகுத்தால் 68 சதவீதம். பாடம் மாறவில்லை, ஆசிரியர் மாறவில்லை, மாணவர் எவர் என்ற வரையறை மட்டும் மாறுகிறது.

மரபான கல்லூரியில் இந்தக் குழப்பம் எழுவதில்லை. விண்ணப்பம் வாங்கி, சான்றிதழ் சரிபார்த்து, கட்டணம் கட்டி, ஊர்விட்டு ஊர் வந்து விடுதியில் பெட்டியை வைத்த பிறகுதான் ஒருவர் மாணவர் ஆகிறார். ஒவ்வொரு படியும் ஒரு சல்லடை. பாதி மனதோடு வந்தவர்கள் வழியிலேயே கழன்றுகொள்வார்கள். இலவச ஆன்லைன் படிப்பு அந்தச் சல்லடைகளை எல்லாம் எடுத்துவிட்டு ஒரே ஒரு பொத்தானை வைத்தது. கல்யாணத்துக்குப் பத்திரிகை வைத்த வீடுகளின் எண்ணிக்கையை வைத்துப் பந்திக்கு இலை போடும் சமையல்காரர் கிடையாது. ஆனால் ஆன்லைன் படிப்புகளின் முதல் சில ஆண்டுகளில் பத்திரிகை எண்ணிக்கைதான் தலைப்புச் செய்தியானது.

பொத்தானை அழுத்தியவர்களில் எத்தனை பேர் உள்ளே வந்தார்கள்? ஜஸ்டின் ரைஷும் ஹோசே ருயிபெரெஸ்-வாலியென்டேயும் எம்.ஐ.டி., ஹார்வர்டு ஆகியவற்றின் இலவசப் படிப்புகளின் பல ஆண்டுத் தரவுகளை ஆராய்ந்து 2019இல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டார்கள். பதிவு செய்தவர்களில் 52 சதவீதம் பேர் பாடப் பக்கத்துக்குள் ஒருமுறைகூட நுழையவில்லை. 2017-18 கல்வியாண்டில் பதிவு செய்த அனைவரையும் கணக்கில் கொண்டால் முடித்தவர்கள் வெறும் 3.13 சதவீதம். அதே ஆண்டில், சான்றிதழுக்காகக் கட்டணம் கட்டியவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் 46 சதவீதம்.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. கட்டணம் வாங்கினால் முடிப்பார்கள் என்று அவசரமாக முடிவு கட்டிவிடத் தோன்றும். பணம் கட்டியதால் முடித்தார்களா, முடிக்கும் உறுதி உள்ளவர்கள் பணம் கட்டினார்களா? இரண்டும் கலந்திருக்கலாம். வெறும் எண்ணைப் பார்த்து அவற்றைப் பிரித்தறிய வழியே இல்லை. புள்ளியியலில் இதற்குத் தெரிவுச் சார்பு என்று பெயர். இந்தக் கட்டுரை முழுவதும் பின்தொடர்ந்து வரப்போகும் பேய் அதுதான்.

குழுவில் தனித்து விடப்பட்டவர்

அதற்கு முன், விரிதாளோடு நொறுங்கிய குழுப் பிரிப்பைக் கொஞ்சம் கணக்கிட்டுப் பார்ப்போம். விரிதாள் நன்றாக வேலை செய்திருந்தாலும் குழுக்கள் வேலை செய்திருக்குமா?

எம்.ஐ.டி. படிப்பின் விகிதத்தையே எடுத்துக்கொள்வோம். பதிவு செய்தவர்களில் முதல் வீட்டுப்பாடத்தில் மதிப்பெண் எடுக்கும் அளவுக்கு உழைத்தவர்கள் 17 சதவீதம். பதிவான பெயர்களைக் குலுக்கி ஐந்தைந்து பேராகப் பிரிக்கிறோம். நீங்கள் உழைக்க வந்தவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களோடு இருக்கும் மற்ற நால்வரில் ஒவ்வொருவரும் காணாமல் போவதற்கான வாய்ப்பு 0.83. நால்வருமே காணாமல் போவதற்கான வாய்ப்பு 0.83ஐ நான்கு முறை பெருக்கினால் வருவது: ஏறத்தாழ 0.47. அதாவது அக்கறையோடு வந்த மாணவர்களில் கிட்டத்தட்ட பாதிப்பேர், ஆளே இல்லாத குழுவில் தனியாகப் பேசிக்கொண்டிருப்பார்கள்.

குழுவை 20 பேராக ஆக்கினால் அந்த வாய்ப்பு சுமார் 3 சதவீதமாகச் சுருங்கிவிடும். சராசரியாக ஒரு குழுவில் மூன்று நான்கு பேர் உயிரோடு இருப்பார்கள். இன்னும் எளிய வழி ஒன்று உண்டு: பதிவு நாளில் குழு பிரிக்காமல், முதல் வீட்டுப்பாடத்தைச் சமர்ப்பித்தவர்களை மட்டும் வைத்து இரண்டாம் வாரத்தில் பிரிப்பது. ஐந்து பேர் குழு என்றால் அப்போது பெரும்பாலும் ஐந்து பேரும் இருப்பார்கள். செலவு எதுவும் இல்லை, ஒரு வாரம் பொறுத்தால் போதும். சேர்க்கையை ஒரு நாளில் முடிந்துவிடும் காரியமாக எண்ணாமல், சில வாரங்கள் நீளும் ஒரு வடிகட்டலாகப் பார்த்தால் இப்படிப்பட்ட வழிகள் கண்ணில் படும்.

யார் உட்கார்ந்திருந்தார்கள்?

இனி அந்தப் பேய். 2013 ஜனவரியில் கலிபோர்னியாவின் சான் ஹோசே மாநிலப் பல்கலைக்கழகம், திரன் தொடங்கிய யுடாசிட்டி நிறுவனத்துடன் சேர்ந்து மூன்று சோதனைப் படிப்புகளை நடத்தியது. அடிப்படைக் கணிதம், கல்லூரி அளவிலான இயற்கணிதம், தொடக்கநிலைப் புள்ளியியல். இம்முறை லட்சக்கணக்கானோர் வேண்டாம் என்று படிப்புக்குச் சுமார் 100 பேர் என வரம்பு வைத்தார்கள். கட்டணம் 150 டாலர். சேர்ந்தவர்களில் அந்தப் பல்கலைக்கழகத்தின் மாணவர்களும் இருந்தார்கள், வெளியாரும் இருந்தார்கள். அடிப்படைக் கணிதத்தில் சேர்ந்த பல்கலைக்கழக மாணவர்கள் முன்பே அதே பாடத்தில் தோற்றவர்கள். வெளியாரில் ஒரு பகுதியினர் ஓக்லாந்து நகரப் பள்ளி ஒன்றின் மாணவர்கள். அவர்களில் சிலருக்கு வீட்டில் கணினியே இல்லை என்பது படிப்பு தொடங்கிய பிறகுதான் தெரியவந்தது.

தேர்ச்சி, நேரடி வகுப்பைவிட வெகுவாகக் குறைந்தது. ஜூலையில் திட்டம் நிறுத்திவைக்கப்பட்டது. ஆன்லைன் கல்வியின் தோல்வி என்று எழுதினார்கள். அதற்குள் கோடைப் பருவத்தின் முடிவுகள் வந்தன. புள்ளியியலில் தேர்ச்சி 83 சதவீதத்துக்கு ஏறியிருந்தது. இப்போது ஆன்லைன் கல்வியின் வெற்றி என்று எழுதலாமா? கோடையில் சேர்ந்தவர்களைப் புரட்டிப் பார்த்தபோது பாதிக்கும் மேற்பட்டவர்கள் ஏற்கெனவே பட்டதாரிகள்.

ஆக, இரண்டு பருவங்களுக்கு இடையில் பாடமும் சற்று மெருகேறியது, சேர்ந்தவர்களும் அடியோடு மாறினார்கள். எந்த மாற்றம் எவ்வளவு தேர்ச்சியைத் தந்தது என்று இனி யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. ஒரு மருந்தை முதலில் நோய் முற்றியவர்களிடமும் பிறகு நலமானவர்களிடமும் சோதித்து விளைவை ஒப்பிட்டால் எந்த மருத்துவ இதழும் அச்சிடாது. கல்வியில் அதே பிழை சேர்க்கைப் படிவத்தின் வழியாக, யாரும் அறியாமல் நுழைந்துவிடுகிறது.

3.26 என்ற எண்

விரிதாளில் விழுந்த அதே ஜார்ஜியா டெக், அதற்கு அடுத்த ஆண்டே, 2014 ஜனவரியில், கணினி அறிவியல் முதுகலைப் பட்டத்தை முழுக்க ஆன்லைனில் தரத் தொடங்கியது. மொத்தச் செலவு சுமார் 7,000 டாலர். வளாகத்தில் படித்தால் ஆகும் செலவில் சிறு பங்கு. விண்ணப்பங்கள் குவிந்தன. ஆனால் இம்முறை வாசலை அகலத் திறக்கவில்லை. முதல் அணியில் 380 பேர்தான் படிக்கத் தொடங்கினார்கள். மற்றவர்களில் பலருக்கு அடுத்தடுத்த பருவங்களுக்குக் காத்திருக்கச் சொல்லிக் கடிதம் போனது.

முதல் அணியைச் சிறிதாக வைத்துக்கொள்ள அவர்கள் கையாண்ட முறை மிகச் சாதாரணமானது. விண்ணப்பங்களை இளநிலைப் பட்டத்தின் சராசரிப் புள்ளிப்படி அடுக்கினார்கள். நான்குக்கு எத்தனை என்ற அந்தக் கணக்கில் மேலே இருப்பவர்களிலிருந்து படித்துக்கொண்டே வந்தார்கள். தேவையான அளவு ஆள் சேர்ந்ததும் நிறுத்தினார்கள். நிறுத்திய இடம் 3.26. அந்த எண்ணுக்குத் தனிப் பொருள் எதுவும் இல்லை. விண்ணப்பித்தவர்களுக்கு அது முன்கூட்டித் தெரியாது. இடம் நிறைந்தபோது அடுக்கில் வந்திருந்த புள்ளி, அவ்வளவே.

ஆய்வாளர்களான ஜோஷுவா குட்மேன், ஜூலியா மெல்கர்ஸ், அமாண்டா பல்லைஸ் மூவரும் இந்தப் பொருளற்ற எண்ணில் ஒரு புதையலைக் கண்டார்கள். 3.27 எடுத்தவருக்கும் 3.25 எடுத்தவருக்கும் அறிவிலோ ஊக்கத்திலோ குடும்பப் பின்னணியிலோ சராசரியாக என்ன வேறுபாடு இருந்துவிடும்? கிட்டத்தட்ட ஒன்றும் இல்லை. ஒருவருக்கு உடனே இடம் கிடைத்தது, மற்றவருக்குக் கிடைக்கவில்லை என்பதுதான் வேறுபாடு. கோட்டுக்குச் சற்று மேலும் சற்றுக் கீழும் இருப்பவர்கள் ஏறத்தாழ சீட்டுக் குலுக்கிப் பிரிக்கப்பட்டவர்களைப் போன்றவர்கள். அவர்களுக்குப் பின்னால் நடப்பதில் வேறுபாடு தெரிந்தால், அதற்குக் காரணம் அந்த இடம்தான் என்று துணிந்து சொல்லலாம். தெரிவுச் சார்பு என்ற பேய்க்கு அந்தக் கோட்டருகே வேலை இல்லை.

அவர்கள் கேட்ட கேள்வி எளிது: இடம் கிடைக்காதவர்கள் வேறு கல்லூரியில் போய்ச் சேர்ந்தார்களா? நாடளாவிய மாணவர் பதிவேட்டில் தேடினார்கள். பெரும்பாலானோர் எங்கும் சேரவில்லை. அதாவது இந்த ஆன்லைன் படிப்பு மற்ற கல்லூரிகளின் மாணவர்களைக் கவர்ந்துகொள்ளவில்லை. அது இல்லாதிருந்தால் படிக்கவே போயிருக்காதவர்களைப் படிக்க வைத்தது. விண்ணப்பங்களிலேயே அதன் தடயம் தெரிந்தது. வளாகப் படிப்புக்கு விண்ணப்பித்தவரின் சராசரி வயது 24. பெரும்பாலும் வெளிநாட்டவர், கல்லூரியை அப்போதுதான் முடித்தவர். ஆன்லைன் படிப்புக்கு விண்ணப்பித்தவரின் சராசரி வயது 34. பெரும்பாலும் வேலையில் இருக்கும் அமெரிக்கர். இந்த ஒரே படிப்பு, அமெரிக்கர்கள் ஆண்டுதோறும் பெறும் கணினி அறிவியல் முதுகலைப் பட்டங்களின் எண்ணிக்கையை ஏழெட்டு சதவீதம் உயர்த்தும் என்று அவர்கள் மதிப்பிட்டார்கள். அந்த ஆய்வு 2019இல் வெளியானது.

கவனிக்க வேண்டியது இதுதான். இந்த அறிவு, விண்ணப்பித்த எல்லோரையும் உள்ளே விட்டிருந்தால் கிடைத்திருக்காது. ஆளைப் பார்த்து, நேர்காணல் நடத்தி, மனதுக்குப் பட்டவர்களைத் தேர்ந்திருந்தாலும் கிடைத்திருக்காது. இடம் போதாமை, தெளிவான ஒரு விதி, அந்த விதியை மீறாத நேர்மை, இம்மூன்றும் சேர்ந்தபோது ஓர் அலுவலக நடைமுறை தானாகவே அறிவியல் சோதனையாக ஆனது. இடம் குறைவாக இருந்து வெளிப்படையாகக் குலுக்கல் நடத்தினால் இன்னும் நல்லது. கொலம்பியா நாடு 1990களில் தனியார் பள்ளிக் கட்டண உதவியைக் குலுக்கல் முறையில் பிரித்தளித்தது. வென்றவர்களையும் தோற்றவர்களையும் ஒப்பிட்டு அந்த உதவியின் பயனை அளந்தவர்களில் ஒருவர் ஜோஷுவா ஆங்ரிஸ்ட். இயற்கையாக அமையும் சோதனைகளிலிருந்து காரணத்தைப் பிரித்தெடுக்கும் முறைகளுக்காக 2021இல் பொருளியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் அவர்.

படிக்க வைத்துவிட்டுத் தேர்வு

இந்தியாவில் இதே சிக்கலுக்குச் சென்னை ஐ.ஐ.டி. வேறு திசையிலிருந்து விடை தேடியது. அதுவும் மற்ற ஐ.ஐ.டி.களும் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து நடத்தும் என்.பி.டி.இ.எல். என்ற ஆன்லைன் கல்வித் திட்டம் 2014 முதல் சான்றிதழ்ப் படிப்புகளை அளிக்கிறது. அங்கே வாசல் இரண்டாக இருக்கிறது. பாடம் கேட்க யார் வேண்டுமானாலும் இலவசமாகச் சேரலாம். சான்றிதழ் வேண்டுமென்றால் தனியாகப் பதிவு செய்து, கட்டணம் கட்டி, தேர்வு மையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டும். எட்டிப் பார்க்க வந்தவரையும் படிக்க வந்தவரையும் ஒரே பட்டியலில் போட்டுக் குழம்பாமல் இருக்க இது உதவுகிறது.

2020 ஜூன் 30 அன்று அறிவிக்கப்பட்ட சென்னை ஐ.ஐ.டி.யின் நிரலாக்கம், தரவு அறிவியல் பட்டப்படிப்பு இன்னும் ஒரு படி மேலே போனது. ஜே.இ.இ. தேவையில்லை. இத்தனை இடம்தான் என்ற வரம்பு இல்லை. ஆனால் தொடக்கத்தில் நேரடிச் சேர்க்கையும் இல்லை. விண்ணப்பித்தவர்களுக்கு ஆங்கிலம், கணிதம், புள்ளியியல், கணக்கீட்டுச் சிந்தனை ஆகிய நான்கிலும் நான்கு வாரப் பாடத்தை முதலில் நடத்திவிடுகிறார்கள். வாரந்தோறும் ஒப்படைப்புகளை முடித்துத் தேவையான மதிப்பெண் எடுத்தவர்கள் தகுதித் தேர்வை நேரில் போய் எழுதலாம். அதில் குறைந்தபட்ச மதிப்பெண்ணைத் தாண்டியவர்கள் அனைவருக்கும் இடம்.

நமக்குப் பழக்கமான நுழைவுத்தேர்வு, இதுவரை என்ன படித்தாய் என்று கேட்கிறது. எந்தப் பள்ளி, எந்தக் கோச்சிங், எவ்வளவு வசதி என்பதெல்லாம் அந்தக் கேள்விக்குள் ஒளிந்திருக்கின்றன. இந்த நான்கு வார முறை, இப்போது சொல்லிக்கொடுத்தால் பிடித்துக்கொள்வாயா என்று கேட்கிறது. வாராவாரம் நேரம் ஒதுக்க முடிகிறதா, வேலையும் குடும்பமும் அதற்கு இடம் தருகின்றனவா என்பதையும் சேர்த்தே அளக்கிறது. எம்.ஐ.டி. படிப்பில் பதினான்கு வாரமும் உதிர்ந்துகொண்டே இருந்தவர்களில் பெரும்பகுதியினர் முதல் சில வாரங்களில் உதிர்ந்தவர்கள். அந்த உதிர்வைப் பட்டத்துக்குள் வர விடாமல் வாசலுக்கு முன்னால் நடக்க விடுகிறது இந்த ஏற்பாடு. உதிர்பவருக்கும் நான்கு வாரப் பாடம் மிச்சம். அவர் பெயருக்கு எதிரே இடைநின்றவர் என்ற முத்திரையும் விழுவதில்லை.

கேட்டால் மாறுமா?

உள்ளே வருபவர்களை வடிகட்டாமல், வரும்போதே கொஞ்சம் தயார்ப்படுத்தினால் என்ன என்றும் முயன்று பார்த்தார்கள். பதிவு செய்யும்போது நிரப்பும் படிவத்தில் ஒரு கேள்வியைச் சேர்ப்பது: எந்த நாளில், எந்த நேரத்தில், எங்கே உட்கார்ந்து படிக்கப்போகிறீர்கள், எழுதுங்கள். சிறு ஆய்வுகளில் இது நல்ல பலன் தந்திருந்தது. ரெனே கிசில்செக் தலைமையிலான குழு, ஹார்வர்டு, எம்.ஐ.டி., ஸ்டான்ஃபோர்டு ஆகியவற்றின் ஏறத்தாழ 250 படிப்புகளில், இரண்டரை லட்சம் பேருக்கும் மேல், இரண்டரை ஆண்டுகள் இதைச் சோதித்தது. யாருக்குக் கேள்வி, யாருக்கு இல்லை என்பதைக் கணினி குலுக்கிப் பிரித்தது. 2020இல் வெளியான முடிவு ஆரவாரமற்றது. முதல் சில வாரங்களில் சிறிது பலன் இருந்தது. அதற்குப் பிறகு கரைந்துபோனது.

ஏமாற்றமான விடைதான், ஆனால் உறுதியான விடை. பதிவுப் படிவத்திலேயே குலுக்கலைப் பொருத்தியிருந்ததால் கிடைத்த உறுதி அது. ஒரு வரிக் கேள்வி ஒருவரைப் பதினான்கு வாரம் தாங்கிப் பிடிக்காது என்பது இப்போது யூகமாக இல்லாமல் தெரிந்த செய்தியாக நிற்கிறது. ஆகவே உதவியை வாசலில் ஒருமுறை வைத்தால் போதாது, வாரந்தோறும் வைக்க வேண்டுமா என்ற அடுத்த கேள்விக்கு ஆய்வாளர்கள் நகர முடிகிறது.

நம் ஊர்க் கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் இனி ஒவ்வோர் ஆண்டும் புதிய ஆன்லைன் படிப்புகளைத் தொடங்கும். அறிவிப்பில் ஓர் எண் இருக்கும்: இத்தனை ஆயிரம் பேர் சேர்ந்துள்ளனர். அந்த எண்ணைப் பார்த்ததும் கேட்க மூன்று கேள்விகள் உண்டு. இவர்களில் முதல் வீட்டுப்பாடத்தைச் செய்தவர்கள் எத்தனை பேர்? இவர்கள் யார், சென்ற ஆண்டு சேர்ந்தவர்களுக்கும் இவர்களுக்கும் என்ன வேறுபாடு? இடம் கிடைக்காமல் போனவர்கள் எந்த விதியின்படி விடப்பட்டார்கள், அவர்கள் இப்போது என்ன செய்கிறார்கள்? முதல் இரண்டுக்கு ஒரு நல்ல பதிவேடு இருந்தால் விடை கிடைத்துவிடும். மூன்றாவதற்கு விடை வேண்டுமென்றால், சேர்க்கையைத் திறப்பதற்கு முன்பே விதியை எழுதிவைத்து, கடைசி விண்ணப்பம்வரை அதை மாற்றாமல் காக்க வேண்டும். சிபாரிசுக் கடிதத்துக்கும் தொலைபேசி அழைப்புக்கும் அந்த விதி வளைந்துவிட்டால், நியாயத்தோடு சேர்ந்து அறிவியலும் வெளியேறிவிடும்.